வியர்ப்பது வேறு, ஆறுவது வேறு

2019 செப்டம்பர் 27 அன்று, நள்ளிரவுக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது, கத்தார் நாட்டின் தோகா நகரில் உலகத் தடகளப் போட்டியின் பெண்கள் மாரத்தான் தொடங்கியது. பகல் வெயிலுக்கு அஞ்சியே அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஓடத் தொடங்கிய 68 பேரும் ஆண்டுக்கணக்கில் பயிற்சி பெற்றவர்கள், ஆனால் எல்லைக் கோட்டைத் தொட்டவர்கள் 40 பேர் மட்டுமே. மற்ற 28 பேர் பாதி வழியில் நின்றார்கள். சிலரைச் சக்கர நாற்காலியில் வைத்து அழைத்துச் சென்றார்கள். வானத்தில் சூரியன் இல்லை. வெப்பமானி காட்டியதும் ஏறத்தாழ 32 டிகிரிதான்; சென்னையில் அதைச் சித்திரை மாதத்துச் சாதாரணக் காலைப்பொழுது என்று சொல்லிவிடுவோம். ஆனால் காற்றில் ஈரப்பதம் 70 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது.

கோடையில் வெளியில் நடப்பது, ஓடுவது, விளையாடுவது பற்றி நம்மிடையே சில நம்பிக்கைகள் உலவுகின்றன. வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட்டால் ஆபத்தில்லை என்பது ஒன்று. நன்றாக வியர்த்தால் உடம்பு நன்றாக ஆறுகிறது, கொழுப்பும் கரைகிறது என்பது இன்னொன்று. எவ்வளவு தண்ணீர் குடிக்கிறோமோ அவ்வளவு பாதுகாப்பு என்பது மூன்றாவது. மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதனால்தான் அவை நிலைத்துவிட்டன. எங்கே உண்மை முடிந்து பிழை தொடங்குகிறது என்பதைத் தெரிந்துகொள்ள, உடம்பு தன் சூட்டை எப்படி வெளியேற்றுகிறது என்பதை அடியிலிருந்து பார்க்க வேண்டும்.

உள்ளே எரியும் அடுப்பு

கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நிறுத்திய இருசக்கர வாகனத்தின் என்ஜினைத் தொட்டால் கை சுட்டுவிடும். பெட்ரோலில் இருந்த ஆற்றல் முழுவதும் சக்கரத்தைச் சுழற்றப் பயன்பட்டிருந்தால் அந்தச் சூடு வந்திருக்காது. பெரும்பகுதி வெப்பமாக வீணாவதால்தான் சுடுகிறது. நம் தசைகளும் அப்படித்தான். அவை எரிக்கும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் அசைவாக மாறுகிறது. மிச்சம் எல்லாம் வெப்பம்.

இதை எண்ணில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஓடும்போது, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஏறத்தாழ ஒரு கிலோ கலோரி செலவாகிறது. 70 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு மணி நேரத்தில் 10 கிலோமீட்டர் ஓடினால் 700 கிலோ கலோரி செலவாகும். அதில் சுமார் 550 வெப்பமாகிறது. அதே மனிதரின் உடல் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த 60 கிலோ கலோரிக்கும் சற்றுக் குறைவாகவே போதும். ஆகவே, உண்டாகும் சூடு துளியும் வெளியேறாமல் உள்ளேயே தங்கிவிடுவதாக வைத்துக்கொண்டால், ஆறேழு நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் உடல் சூடேறிக்கொண்டே போகும். அரை மணி நேரத்துக்குள் உயிருக்கு ஆபத்தான எல்லையை எட்டிவிடும்.

இங்கே உடல் வெப்பநிலை என்று சொல்வது தோலின் சூட்டையன்று. மூளை, இதயம், ஈரல் போன்ற உள்ளுறுப்புகள் இருக்கும் பகுதியின் சூட்டையே குறிக்கிறேன். இதற்கு உள்ளுடல் வெப்பநிலை என்று பெயர். இது 37 டிகிரியை ஒட்டியே நிற்க வேண்டும். உடற்பயிற்சியின்போது 38, 39 வரை ஏறுவது இயல்பு. 40 டிகிரியைத் தாண்டுவதுதான் ஆபத்தின் எல்லை.

சுருக்கமாக, கோடையில் உடற்பயிற்சி செய்பவர் இரண்டு வெப்பங்களோடு போராடுகிறார். ஒன்று வெளியில் இருப்பது, மற்றொன்று அவரே உண்டாக்குவது. நிழலில் உட்கார்ந்திருப்பவருக்குத் தாங்கக்கூடிய நாள், ஓடுபவருக்குத் தாங்க முடியாமல் போவதற்கு இந்த இரண்டாவது வெப்பமே காரணம்.

மண்பானை சொல்லும் கதை

இந்தச் சூட்டை உடல் எப்படி வெளியே தள்ளுகிறது? குளிர்ந்த பொருளைத் தொட்டால் சூடு அதற்குப் போகிறது. காற்று வீசினால் அது அள்ளிக்கொண்டு போகிறது. எதையும் தொடாமலும் தோலிலிருந்து கதிராக வெளியேறுகிறது. இந்த மூன்று வழிகளும் சுற்றுப்புறம் தோலைவிடக் குளிர்ந்திருந்தால் மட்டுமே வேலை செய்யும். வெப்பமான சூழலில் தோலின் சூடு சுமார் 35 டிகிரி இருக்கும். வெளிக்காற்று அதை நெருங்கினால் இந்த வழிகள் அடைபடுகின்றன. அதைத் தாண்டினால் ஓட்டம் திரும்பி, வெளிச்சூடு நமக்குள் வரத் தொடங்குகிறது. மே மாதத் தமிழ்நாட்டுச் சமவெளிகளில் உச்சிவெயில் நேரத்தில் பெரும்பாலும் இதுதான் நிலை. எஞ்சியிருப்பது நான்காவது வழியான வியர்வை மட்டுமே.

வியர்வை எப்படிக் குளிர்விக்கிறது என்பதை மண்பானையைவிட நன்றாக விளக்கும் பொருள் வேறில்லை. பானையின் நுண்ணிய துளைகள் வழியாகத் தண்ணீர் கசிந்து வெளிப்புறத்துக்கு வருகிறது. அங்கே அது ஆவியாகிறது. நீர் ஆவியாவதற்கு வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தைப் பானையிடமிருந்தும் உள்ளிருக்கும் தண்ணீரிடமிருந்தும் எடுத்துக்கொள்கிறது. அதனால் தண்ணீர் குளிர்கிறது. பானையைக் குளிர்விப்பது கசிவன்று, கசிந்த நீர் ஆவியாவதே. அதே பானையைப் பாலித்தீன் உறையால் இறுக்கிச் சுற்றிப் பாருங்கள்: வெளிப்புறம் முழுக்க ஈரம் சொட்டும், உள்ளே தண்ணீர் குளிராது.

நம் தோலும் ஒரு மண்பானைதான். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் தோலின்மேலேயே ஆவியானால் அது ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தைக் கொண்டுபோகிறது. மேலே நாம் கணக்கிட்ட ஒரு மணி நேர ஓட்டத்தின் வெப்பம் 550. அதாவது, ஒரு லிட்டர் வியர்வை ஒழுங்காக உலர்ந்தால் உடம்பின் கணக்கு நேராகிவிடுகிறது. ஆனால் நெற்றியிலிருந்து வழிந்து தரையில் சொட்டும் வியர்வையும், பனியனைப் பிழிந்தால் கொட்டும் வியர்வையும் அந்த வேலையைச் செய்யாமலே போனவை. உடலுக்கு அது வெறும் இழப்பு. தண்ணீரும் போனது, உப்பும் போனது, சூடு மட்டும் அங்கேயே இருக்கிறது.

இப்போது தோகாவுக்குத் திரும்பலாம். வேலூரில் மண்பானைத் தண்ணீர் பல்லில் கூசும் அளவுக்குக் குளிர்வதும், அதே பானை சென்னைக்கு வந்தால் ஏனோ தானோ என்று குளிர்வதும் இரண்டு ஊரிலும் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். பானையில் குறை இல்லை. கடற்கரைக் காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருப்பதால் புதிதாக ஆவியாக வரும் நீருக்கு அங்கே இடம் குறைவு. நள்ளிரவுத் தோகாவில் அந்த வீராங்கனைகளின் தோலுக்கு நேர்ந்ததும் அதுவே. வியர்த்தார்கள், ஆனால் வியர்வை போதிய அளவு உலரவில்லை.

வெயில், புழுக்கம், இறுக்கம்

வெப்பத்தைப் பேச நம் வழக்கில் மூன்று தனித்தனிச் சொற்கள் இருப்பது எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. வெயில் என்றால் சூரியன் நேரடியாகச் சுடுவது. புழுக்கம் என்றால் காற்றில் ஈரம் கூடி வியர்வை உலராமல் தவிப்பது. காற்றே அசையாமல் மூச்சு முட்டுவது போன்ற நேரத்தில் 'ஒரே இறுக்கமாக இருக்கிறது' என்கிறோம். செய்தியில் வரும் வெப்பநிலை எண் இந்த மூன்றில் ஒன்றைக்கூடச் சொல்வதில்லை. அது நிழலில் வைத்த வெப்பமானி காட்டும் காற்றின் சூடு மட்டுமே.

புழுக்கத்தை அளக்க ஓர் எளிய உத்தி உண்டு. வெப்பமானியின் குமிழ்மேல் ஈரத் துணியைச் சுற்றி அதன்மேல் காற்றோட விட்டால், துணியின் நீர் ஆவியாவதால் அது காட்டும் சூடு குறையும். காற்று உலர்ந்திருந்தால் நிறையக் குறையும், ஈரமாக இருந்தால் கொஞ்சமே குறையும். இதற்கு ஈரக்குமிழ் வெப்பநிலை என்று பெயர். குட்டி மண்பானை ஒன்றை வெப்பமானிக்கு மாட்டியது போன்றதுதான் இது. வேலூரில் நண்பகலில் 40 டிகிரி வெப்பமும் 25 விழுக்காடு ஈரப்பதமும் இருப்பதாக வைத்துக்கொண்டால் ஈரக்குமிழ் வெப்பநிலை சுமார் 24 டிகிரி. சென்னையில் காலை 30 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால் அது சுமார் 27. செய்தியில் பத்து டிகிரி குறைவாகச் சொல்லப்படும் ஊரில் வியர்வை உலர்வது கடினமாக இருக்கிறது.

அதற்காக வேலூர் நண்பகலில் ஓடலாம் என்று பொருளில்லை. அங்கே சூரியனும் சுடுகாற்றும் வெளியிலிருந்து உடம்புக்குள் சூட்டைக் கொட்டிக்கொண்டிருக்கும். அதையும் சேர்த்து எண்ணவே 1950களில் அமெரிக்க ராணுவத்துக்காக ஓர் அளவு உருவாக்கப்பட்டது. கடற்படைக் காலாட்படையின் பயிற்சி முகாம்களில் புதிதாகச் சேர்ந்த இளைஞர்கள் வெப்பத்தால் அடுத்தடுத்து விழுந்ததே அதற்குக் காரணம். இதில் மூன்று வெப்பமானிகள். ஈரத் துணி சுற்றியது ஒன்று. வெயிலை உறிஞ்சும் கறுப்பு உலோகக் கோளத்துக்குள் வைத்தது இன்னொன்று. வழக்கமான நிழல் வெப்பமானி மூன்றாவது. மொத்த மதிப்பில் ஈரக்குமிழுக்கு 70 விழுக்காடு, கறுப்புக் கோளத்துக்கு 20, நாம் தினமும் செய்தியில் கேட்கும் அந்த எண்ணுக்கு வெறும் 10. இதை ஈரக்குமிழ்க் கோள வெப்பநிலை என்பார்கள். வெயிலும் புழுக்கமும் இதில் நேராக இடம்பெறுகின்றன. காற்று அசையாத இறுக்கமோ துணியை உலரவிடாமலும் கோளத்தை ஆறவிடாமலும் இரண்டின் அளவையும் ஏற்றிவிடுகிறது.

நெடுந்தொலைவு ஓட்டப் போட்டிகளை இந்த அளவு 28 டிகிரியைத் தாண்டினால் நடத்தாமல் தள்ளிவைப்பது நல்லது என்று அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கழகம் நெடுநாளாகச் சொல்லிவந்தது. மேலே சொன்ன சென்னைக் காலைப்பொழுதுக்கு, வெயில் இன்னும் ஏறவில்லை என்று வைத்துக் கணக்கிட்டால், ஏறக்குறைய அதே 28தான் வருகிறது. இந்திய வானிலைத் துறை வெப்ப அலை அறிவிப்பைப் பரிசீலிக்கச் சமவெளிக்கு 40 டிகிரியும் கடலோரத்துக்கு 37 டிகிரியும் என்று வெவ்வேறு தொடக்க எல்லை வைத்திருப்பதையும் இந்த வெளிச்சத்தில் பார்த்தால் பொருள் விளங்கும்.

நினைவில் கொள்ள வேண்டியது இவ்வளவே: காற்றின் சூடு கதையின் சிறு பகுதி. ஈரம் எவ்வளவு, வெயில் நேராகப் படுகிறதா, காற்று அசைகிறதா என்ற மூன்றையும் சேர்த்துத்தான் ஒரு நாளை எடைபோட வேண்டும்.

காலையா, மாலையா?

கைப்பேசியில் வானிலை பார்ப்பவர்கள் இங்கே ஒரு குழப்பத்தில் விழுகிறார்கள். காலை ஐந்தரை மணிக்கு ஈரப்பதம் 85 விழுக்காடு என்றும், மாலை நான்கு மணிக்கு 60 என்றும் காட்டுகிறது. அப்படியானால் மாலையில்தான் வியர்வை நன்றாக உலரும் என்று தோன்றும். உண்மை அதற்கு நேர்மாறானது.

ஈரப்பதம் என்று காட்டப்படுவது ஒப்பு ஈரப்பதம். அந்தச் சூட்டில் காற்றில் அதிகபட்சம் எவ்வளவு நீராவி இருக்க முடியுமோ அதில் எத்தனை விழுக்காடு இருக்கிறது என்பது. காற்றை ஒரு பேருந்தாக நினைத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த காற்று மினி பஸ், சூடான காற்று பெரிய பஸ். முப்பது பேர் ஏறினால் மினி பஸ் நிறைந்துவிட்டது போலத் தெரியும். அதே முப்பது பேர் பெரிய பஸ்ஸில் ஏறினால் பாதி இடம் காலியாகத் தெரியும். பயணிகளின் எண்ணிக்கை மாறவில்லை. வியர்வை உலர்வதைத் தீர்மானிப்பது இந்தப் பயணிகளின் எண்ணிக்கைதான், ஏனெனில் 35 டிகிரியில் இருக்கும் தோலை ஒட்டிவரும் காற்று எப்படியும் சூடாகிப் பெரிய பஸ்ஸாகிவிடுகிறது. கடலோரத்தில் பிற்பகல் கடற்காற்று இன்னும் பயணிகளை ஏற்றிக்கொண்டே வருகிறது. அத்துடன் மாலையில் தார்ச்சாலையும் சுவர்களும் பகல் முழுதும் குடித்த வெயிலைக் கக்கிக்கொண்டிருக்கின்றன.

ஆகவே விடியற்காலையே நல்ல நேரம். ஆனால் 'நல்லது' என்பது மற்ற நேரங்களோடு ஒப்பிட்டுச் சொல்வது. பாதுகாப்பு உறுதி என்பதன்று. கடற்கரை ஊர்களில் மே மாத விடியலும் புழுக்கமாகவே இருக்கும். மாலையில்தான் நேரம் கிடைக்கிறது என்பவர்கள் வெயில் தாழ்ந்த பின், காற்றோட்டமான திறந்தவெளியில், மண்தரையில் நடப்பதே தக்கது; இருபுறமும் அடுக்குமாடிகள் நிற்கும் தெருவில் அன்று.

ஒரு தொட்டி, இரண்டு குழாய்

கோடையில் வழக்கமான தூரத்தை வழக்கமான வேகத்தில் ஓடினாலும் நெஞ்சு படபடப்பது ஏன் என்று பலர் கேட்பதுண்டு. 'வயதாகிறது', 'பயிற்சி குறைந்துவிட்டது' என்று தங்களையே நொந்துகொள்கிறார்கள். காரணம் வேறு.

மாடித் தொட்டியிலிருந்து ஒரு குழாய் மட்டும் திறந்திருந்தால் தண்ணீர் வேகமாக வரும். இரண்டாவது குழாயையும் திறந்தால் இரண்டிலும் வேகம் குறையும். ஓடும்போது தசைகளுக்கு இரத்தம் வேண்டும், அது பிராணவாயுவைக் கொண்டுபோக. சூட்டில் தோலுக்கும் இரத்தம் வேண்டும், உள்ளிருக்கும் வெப்பத்தை மேற்பரப்புக்குக் கொண்டுவர. தொட்டியோ ஒன்றுதான். போதாக்குறைக்கு வியர்வையாக வெளியேறும் நீர் இரத்தத்திலிருந்தே எடுக்கப்படுவதால் தொட்டியின் மட்டமும் இறங்கிக்கொண்டே வருகிறது. இதை ஈடுசெய்ய இதயம் வேகமாகத் துடிக்கிறது.

அதனால் கோடையில் வேகத்தையும் நேரத்தையும் இலக்காக வைப்பது தவறு. உடம்பு எவ்வளவு உழைக்கிறது என்பதே அளவுகோலாக வேண்டும். நடப்பவரோ மெல்ல ஓடுபவரோ பக்கத்தில் வருபவருடன் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். இதயக் கோளாறு, நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், சிறுநீரை அதிகம் பிரிக்கும் மாத்திரை, இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை, சில ஒவ்வாமை மாத்திரைகள், மனநல மருந்துகள் ஆகியவற்றை எடுப்பவர்களும் கோடைக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும், ஏனெனில் இவற்றில் சில வியர்வையையும் சில இதயத்தின் ஈடுகொடுக்கும் திறனையும் குறைக்கின்றன. காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து ஓய்ந்த மறுநாளும், முந்தைய இரவு மது அருந்திய காலையும் ஓடுவதற்கு உரிய நாள்கள் அல்ல.

தண்ணீர்: குறைவும் ஆபத்து, மிகையும் ஆபத்து

1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் நடந்து சமநிலையில் முடிந்த டெஸ்ட் போட்டியைக் கிரிக்கெட் ஆர்வலர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதில் ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ் 210 ஓட்டங்கள் எடுத்தார். இடையிடையே ஆடுகளத்தின் ஓரத்திலேயே வாந்தி எடுத்து, கைகால் இழுத்து, ஆட்டமிழந்த பின் மருத்துவமனையில் அவருக்கு நரம்பு வழியாக உப்புநீர் ஏற்ற வேண்டியதாயிற்று. அது கத்திரி வெயில் காலமும் அன்று. புழுக்கம் மிகுந்த புரட்டாசித் தொடக்கம். வீரம் என்று அந்த ஆட்டத்தைப் பல ஆண்டுகள் கொண்டாடினோம். உடலியல் கண்ணோடு பார்த்தால், ஒரு மனிதர் மரணத்தின் அருகில் சென்று திரும்பிய கதை அது.

மறுபக்கமும் உண்டு. 2002 போஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் இயல்பைவிடக் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது அளவுக்கு மீறிக் குடித்து உடல் எடையே கூடியிருந்தது இதற்கு முதன்மையான காரணங்களில் ஒன்று. இரத்தம் நீர்த்துப்போய் அதிலுள்ள உப்பின் செறிவு குறையும் இந்நிலைக்குச் சோடியக் குறைவு என்று பெயர். தலைவலி, குமட்டல், குழப்பம் என்று தொடங்கி, முற்றினால் மூளை வீங்கி உயிரையே பறிக்கக்கூடும். அறிகுறிகள் நீரிழப்பைப் போலவே இருப்பதால் அருகிலிருப்பவர்கள் இன்னும் தண்ணீர் கொடுத்துக் கெடுத்துவிடும் ஆபத்தும் உண்டு.

எவ்வளவு குடிக்க வேண்டும் என்பதற்கு எல்லாருக்கும் பொதுவான எண் இல்லை. ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட நடைக்கு, கிளம்பும் முன் ஒரு தம்ளர், நடுவில் தாகம் எடுத்தால் சில மிடறு, வந்ததும் தாகம் தீர என்பதே போதும். அதற்கு மேல் ஓடுபவர்கள் தங்கள் அளவைத் தாங்களே கண்டுபிடிக்கலாம். ஓடுவதற்கு முன்னும் பின்னும், வியர்வையைத் துடைத்துவிட்டு, எடை பார்க்க வேண்டும். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் போயிருக்கிறது என்று பொருள், கொழுப்பு அன்று. எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள்.

நீண்ட நேரம் வியர்த்தவருக்கு நீரோடு உப்பும் வேண்டும். இங்கே இளநீரைப் பற்றி ஒரு சொல். நல்ல பானம்தான், சந்தேகமில்லை. ஆனால் அதில் மிகுதியாக இருப்பது பொட்டாசியம், வியர்வையில் மிகுதியாக வெளியேறுவதோ சோடியம், அதாவது சமையலுப்பில் இருப்பது. அந்த வகையில் உப்புப் போட்ட நீர்மோரும், கொஞ்சம் உப்புச் சேர்த்த நீராகாரமும் இழப்புக்கு நெருக்கமான ஈடு. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இன்னும் துல்லியமானது. உறையில் போட்டிருக்கும் அளவு நீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும், பாதியைக் கிள்ளிப் போடக் கூடாது. இரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் இதையும் மருத்துவரைக் கேட்டே செய்ய வேண்டும்.

உடம்பு பழகுவது

சூட்டுக்கு உடம்பு பழகும் என்பது வெறும் பேச்சன்று. தினமும் கொஞ்ச நேரம் வெப்பத்தில் உழைத்துவந்தால் ஒன்று முதல் இரண்டு வாரத்துக்குள் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, அதாவது தொட்டி பெரிதாகிறது. வியர்வை முன்கூட்டியே சுரக்கத் தொடங்குகிறது, அளவும் கூடுகிறது, அதில் உப்பு குறைகிறது. அதே வேலைக்கு இதயத் துடிப்பும் குறைகிறது. இதற்கு வெப்ப இசைவு என்று பெயர்.

ஆனால் இது குளிரூட்டிய உடற்பயிற்சிக் கூடத்தில் ஓடினால் வராது. மின்விசிறியின் கீழ் உட்கார்ந்து 'நான் இந்த ஊர்க்காரன், எனக்கு வெயில் பழக்கம்' என்று சொன்னாலும் வராது. வந்த இசைவும் இரண்டு மூன்று வாரம் விட்டுவிட்டால் பெரும்பாலும் கரைந்துவிடும். தேர்வு விடுமுறை முடிந்து ஏப்ரலில் திடீரென்று மைதானத்துக்கு வரும் மாணவரும், குளிர்நாட்டிலிருந்து விடுப்பில் ஊருக்கு வந்து முதல் நாளே கடற்கரையில் ஓடுபவரும் இதை எண்ணிப்பார்க்க வேண்டும். வெப்பத்தில் புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு, முதல் நாள் வழக்கமான வேலையில் 20 விழுக்காடு, பிறகு நாளுக்கு 20 விழுக்காடு கூட்டலாம் என்றொரு தொழில்நல விதி உண்டு. ஓடுபவர்கள் அதைவிட நிதானமாகப் போனாலும் நட்டமில்லை.

பிளாஸ்டிக் சட்டை

வியர்த்தால் இளைக்கலாம் என்று நம்பி, காற்றுப் புகாத பிளாஸ்டிக் சட்டையையோ மழைக்கோட்டையோ மாட்டிக்கொண்டு ஓடுபவர்களை இன்றும் பூங்காக்களில் பார்க்க முடிகிறது. பாலித்தீன் சுற்றிய பானையை நினைவுபடுத்திக்கொண்டால் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. 1997இன் இறுதியில், சில வார இடைவெளியில், அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூவர் போட்டிக்கு எடை குறைக்க முயன்று உயிரிழந்தார்கள். சூடான அறையில் காற்றுப் புகாத ரப்பர் உடையோடு பயிற்சி செய்ததும் அதில் பங்கு வகித்தது. அதன்பின் அந்த உடைக்கே தடை வந்தது. தளர்வான, வெளிர்நிற, காற்றுப் புகும் உடையே கோடைக்கு உரியது. பருத்தியா, விளையாட்டுத் துணியா என்ற விவாதத்தைவிட, நனைந்த சட்டை உடலோடு ஒட்டாமல் காற்றாடுகிறதா என்பதே முக்கியம்.

அடங்காத சூடு: அறிகுறிகளும் உதவியும்

தோலில் வியர்க்குரு, கெண்டைக்காலில் பிடிப்பு ஆகியவை சிறிய எச்சரிக்கைகள். அடுத்து வருவது வெப்பக் களைப்பு: தலைசுற்றல், குமட்டல், சோர்வு, கண் இருட்டுதல். ஆள் தெளிவாகப் பேசுவார். அவரை நிழலுக்குக் கொண்டுவந்து, படுக்கவைத்து, கால்களைச் சற்று உயர்த்தி, உடலை நனைத்து விசிறி, பருகக் கொடுத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடுவார்.

ஹீட் ஸ்ட்ரோக் என்பது வேறு. சில செய்திகளில் இதை வெப்பப் பக்கவாதம் என்று எழுதுகிறார்கள். பக்கவாதத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. உள்ளுடல் வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டி, மூளை தடுமாறத் தொடங்குவதே இது. பிதற்றல், எரிச்சல், தள்ளாட்டம், ஆளை அடையாளம் தெரியாமல் போதல், வலிப்பு, மயக்கம் ஆகியவை அதன் அடையாளங்கள். 'வியர்வை நின்று தோல் வறண்டால்தான் ஹீட் ஸ்ட்ரோக்' என்பது மிகவும் பரவிய, மிகவும் ஆபத்தான அரைகுறைச் செய்தி. வெப்ப நாள்களில் வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கும் முதியவர்களிடம் அப்படி இருக்கலாம். உழைப்பினால் வரும் ஹீட் ஸ்ட்ரோக்கில் ஆள் வியர்வையில் குளித்தபடியே விழக்கூடும். அதுவும், இது நோஞ்சான்களைத் தேடி வருவதில்லை. காவலர் தேர்வில் 1500 மீட்டரை ஏழு நிமிடத்தில் ஓடிவிட வேண்டும் என்று கொளுத்தும் கோடையில் பயிற்சி எடுக்கும் இருபது வயது இளைஞர்தான் இதற்கு எளிதில் ஆளாகக்கூடியவர். 'இன்னும் ஒரு சுற்று' என்று விரட்ட ஒருவர் அருகில் இருந்தால் ஆபத்து இரட்டிப்பாகிறது.

இங்கே நிமிடங்களே உயிர். 108ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, வண்டி வரும்வரை காத்திராமல் குளிர்விக்கத் தொடங்க வேண்டும். தொட்டியிலோ பெரிய அண்டாவிலோ பனிக்கட்டி போட்ட நீர் கிடைத்தால், தலையைத் தாங்கிப் பிடித்துக் கழுத்துவரை அமிழ்த்துவதே மிகச் சிறந்த வழி. அது இல்லையென்றால் உடையைத் தளர்த்தி, வாளி வாளியாக நீரை உடல் முழுவதும் ஊற்றி, விடாமல் விசிற வேண்டும்; குளிர்நீரில் நனைத்த துண்டுகளைப் போர்த்தி, அவை சூடேறியதும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். முகத்தில் தெளிக்கும் ஒரு கை நீர் எதற்கும் ஆகாது. அரை மணி நேரத்துக்குள் சூட்டை இறக்கிவிட்டால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள். நினைவு தடுமாறியவரின் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றக் கூடாது. அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

பாராசிட்டமால் கொடுக்கலாமா என்று கேட்பார்கள். கூடாது. காய்ச்சலில் மூளையே 'சூட்டை 39க்கு ஏற்று' என்று ஆணை போட்டிருக்கிறது. மாத்திரை அந்த ஆணையை இறக்குகிறது. ஹீட் ஸ்ட்ரோக்கில் மூளை போட்ட ஆணை 37தான். வெளியேற வழியில்லாமல் சூடு தேங்கிக் கிடக்கிறது. இறக்குவதற்கு அங்கே ஆணை ஏதும் இல்லாததால் மாத்திரைக்கு வேலையில்லை. ஏற்கெனவே அடிபட்டிருக்கும் ஈரலுக்குக் கூடுதல் சுமைதான்.

தேறி வீடு திரும்பியவர் குறைந்தது ஒரு வாரம் எந்தப் பயிற்சியும் செய்யக் கூடாது. அதன்பின் ஈரல், சிறுநீரகச் சோதனைகள் இயல்பாக இருப்பதை மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகு, முதலில் குளிர்ந்த நேரத்தில் மெல்லிய நடையாகத் தொடங்க வேண்டும். படுத்திருந்த நாள்களில் முன்பு ஈட்டிய வெப்ப இசைவும் குறைந்திருக்கும் என்பதால், அவர் மைதானத்துக்கு வருவது விட்ட இடத்திலிருந்து அன்று, முதல் நாளிலிருந்து.